கண்ணு மூடி இருந்தா அது தூக்கம் இல்லீங்க

நான் ஐசியூ நர்ஸ். 11 வருஷம் ஆகுது, அதுல பாதிக்கு மேல நைட் டூட்டிதான். இத்தனை வருஷமா பேஷண்டோட பிபி, பல்ஸ், ஆக்ஸிஜன், சுகர், எவ்வளவு யூரின் போச்சுன்னு எல்லாத்தையும் மணிக்கு மணி சார்ட்ல எழுதியிருக்கேன், ஆனா நேத்து ராத்திரி இவர் எவ்வளவு நேரம் தூங்கினார்னு எழுதுறதுக்கு அந்தப் பெரிய சார்ட்ல ஒரு கட்டம் கூட கிடையாது. அப்படி ஒண்ணு இல்லங்கிறதையே நான் கவனிச்சது ஒருத்தர் அட்டையில எழுதிக் காட்டினதுக்கு அப்புறம்தான்.

அவருக்கு 60 வயசு தாண்டியிருக்கும். நிமோனியா, வென்டிலேட்டர்ல இருந்தார். மயக்க மருந்தக் கொறச்சு நல்லா முழிச்சிட்டார், ஆனா வாயில ட்யூப் இருக்கிறதால பேச முடியாது. இந்த மாதிரி பேஷண்டுக்கு நாங்க ஒரு அட்டையும் பேனாவும் குடுப்போம். பெரும்பாலும் வலிக்குதுன்னு எழுதுவாங்க, மணி என்னன்னு எழுதுவாங்க, வீட்டுல இருந்து யார் வந்திருக்கான்னு கேப்பாங்க. அன்னைக்கு ராத்திரி 2 மணி இருக்கும், நான் அவரத் திருப்பிப் படுக்க வைக்கப் போனேன், அவர் என் கையப் பிடிச்சு நிறுத்தி, அட்டைய நெஞ்சு மேல வச்சு, கையெல்லாம் நடுங்க கோணல்மாணலா ரெண்டு வார்த்தை எழுதினார். "தூங்க விடுங்க".

கோவமா எல்லாம் எழுதல. கெஞ்சுற மாதிரி இருந்துச்சு. நான் என்ன பண்ணேன்? "இதோ ஆச்சுங்க ஐயா, ஒரே நிமிஷம்"னு சொல்லி திருப்பிப் படுக்க வச்சேன், அது முடியுறதுக்குள்ள மருந்து ஏத்துற சிரிஞ்ச் பம்ப் கத்த ஆரம்பிச்சது, அத மாத்தி முடிக்கும்போது ட்யூப்ல சளி, அத மெஷின் வச்சு உறிஞ்சி எடுக்க சக்ஷன் போட்டேன், சக்ஷன் போட்டா எப்படி இருமல் வரும்னு பாத்தவங்களுக்குத் தெரியும், ஆளே தூக்கிப் போடும். அப்புறம் கண்ண மூடினார். தூங்கிட்டார்னு நெனச்சுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன்.

வீட்டுக்குப் போயும் அந்த ரெண்டு வார்த்தை என்ன விடல. அடுத்த நாள் ராத்திரியும் அதே பெட் எனக்கு. ஒரு பழைய சார்ட் ஷீட்டோட பின்பக்கத்துல கோடு போட ஆரம்பிச்சேன். யாராவது அவரத் தொட்டா ஒரு கோடு, லைட்டப் போட்டா ஒரு கோடு, அவர் பெட்டுல அலாரம் அடிச்சு அவர் கண்ணத் தெறந்தா ஒரு கோடு. ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும். 39 கோடு வந்துச்சு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்த ரொம்பப் பெரிய இடைவெளி 48 நிமிஷம். அதுவும் பக்கத்து பெட்டுல ஒரு எமர்ஜென்சி, எல்லாரும் அங்க ஓடிட்டோம், அதனால கெடச்ச 48 நிமிஷம்.

எங்க யூனிட் மட்டும்தான் இப்படியோன்னு நெனச்சேன், இல்ல. 2004ல வந்த ஒரு ஆய்வுல 50 ஐசியூ பேஷண்டுகள மொத்தம் 147 ராத்திரி பாத்திருக்காங்க, ராத்திரி 7ல இருந்து காலைல 7க்குள்ள ஒரு பேஷண்ட்கிட்ட சராசரியா 42.6 தடவை யாராவது ஏதாவது செய்யப் போயிருக்காங்க. 2லேருந்து 3 மணி நேரம் யாரும் தொந்தரவு பண்ணாம விட்டது அத்தனை ராத்திரியிலயும் சேத்து வெறும் 9 தடவை. அதே ஆய்வுல இன்னொண்ணும் இருந்துச்சு, அதப் படிச்சப்போ எனக்கு நெஞ்சுல குத்துச்சு. உடம்பு தொடச்சு விடுறோம் இல்ல, அதுல 62 சதவீதம் ராத்திரி 9ல இருந்து காலைல 6க்குள்ளதான் நடந்திருக்கு. ஏன்னு கேட்டா எந்த நர்ஸுக்கும் பதில் தெரியும். காலைல அடுத்த டூட்டி நர்ஸ்கிட்ட ஹேண்டோவர் குடுக்கும்போது பேஷண்ட் சுத்தமா, ஷீட் மாத்தி, பளிச்சுனு இருக்கணும். நானும் எத்தனையோ பேர 4 மணிக்கு எழுப்பி ஈரத்துணி வச்சு தொடச்சிருக்கேன். அவங்க நல்லதுக்குன்னு நெனச்சுதான் செஞ்சேன், ஆனா அந்த நேரம் அவங்களுக்காக வச்ச நேரம் இல்ல, எங்க டூட்டி மாறுறதுக்காக வச்ச நேரம்.

48 நிமிஷம்னு சொன்னேன்ல, அது ஏன் பத்தாதுன்னா, தூக்கம்ங்கிறது சுவிட்ச் போட்டு ஆஃப் பண்ற மாதிரி ஒரே நிலை கெடையாது. மொதல்ல லேசான தூக்கம், அப்புறம் கொஞ்சம் கெட்டியான தூக்கம், அப்புறம் ஆழ்ந்த தூக்கம், அதுக்கு அப்புறம் கனவு வர்ற ரெம் தூக்கம். இது ஒரு சுத்து வர்றதுக்கு சுமாரா 90 நிமிஷம் ஆகும். நடுவுல எழுப்பிட்டா மறுபடியும் அந்த லேசான தூக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்கிறது ஆழ்ந்த தூக்கத்துலதான், உடம்பு தன்னத்தானே ரிப்பேர் பண்ணிக்கிற நேரம் அது. ஐசியூல ரொம்ப கொறஞ்சு போறதும் சரியா அந்த ஆழ்ந்த தூக்கமும் ரெம் தூக்கமும்தான். தலையில வயர் ஒட்டி மூளை அலைய பதிவு பண்ணிப் பாத்தவங்க சொல்றது என்னன்னா, 24 மணி நேரத்துல மொத்தமா கூட்டிப் பாத்தா இவங்களும் நம்ம அளவு தூங்கின மாதிரிதான் கணக்கு வரும், ஆனா அதுல பாதி பகல்ல, எல்லாமே துண்டு துண்டா, கோழித் தூக்கம். பகல்ல ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் பாத்து "நல்லா தூங்குறாரே"ம்பார், ராத்திரி பூரா அவர் பொட்டு கண் அசராதது எங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரங்க அடிக்கடி கேக்குறது, "மருந்து குடுத்து தூங்கத்தானே வச்சிருக்கீங்க சிஸ்டர், அப்புறம் என்ன"ன்னு. நானும் படிக்கிற காலத்துல அப்படித்தான் நெனச்சேன். ப்ரொபோஃபால், மிடசோலம்னு மயக்க மருந்து ஓடும்போது பேஷண்ட் அமைதியா கண்ண மூடி கிடப்பாங்க, ஆனா உள்ள மூளையில இயற்கையான தூக்கம் நடக்குறதில்ல. மிடசோலம், லோரஸிபாம் வகை மருந்துகள் ஆழ்ந்த தூக்கத்தையும் ரெம் தூக்கத்தையும் கொறச்சிடும். அதுமட்டும் இல்ல, லோரஸிபாம் குடுத்தவங்களுக்கு அடுத்த நாள் மனக்குழப்பம் வர்ற வாய்ப்பு கூடுதுன்னு 2006லயே ஆய்வு வந்தாச்சு. டெக்ஸ்மெடடோமிடின்னு ஒண்ணு இருக்கு, அது கொஞ்சம் பரவாயில்ல, மூளை அலை பாக்குறதுக்கு இயற்கையான தூக்கத்துக்கு கிட்ட வரும், தொட்டு கூப்பிட்டா முழிச்சுப் பாப்பாங்க. ஆனா பல்ஸும் பிபியும் எறங்கும், எல்லாருக்கும் ஒத்துக்காது, அது டாக்டர் முடிவு. மயக்க மருந்தே தப்புன்னு நான் சொல்லல, வென்டிலேட்டர்ல இருக்கிற எத்தனையோ பேருக்கு அது இல்லாம முடியாது. மயக்கத்துல இருக்கிறவங்கள தூங்குறவங்க கணக்குல சேக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

சரி, தூங்கலன்னா என்ன ஆகும், நோய்தானே பெருசு, உசிரு பொழச்சா போதாதா, வீட்டுக்குப் போய் தூங்கிக்கட்டும்னு எங்க டிபார்ட்மென்ட்லயே சொல்றவங்க உண்டு. ஆனா அந்தத் தூக்கத்துக்கும் உசிர் பொழைக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கு. 2020ல ஒரு ஆய்வுல நல்ல ஆரோக்கியமான ஆம்பளைங்கள ஒரே ஒரு ராத்திரி தூங்க விடாம வச்சு, மறுநாள் மூச்சு இழுக்குற தசை எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்குதுன்னு பாத்தாங்க. ஏறக்குறைய பாதியாக் கொறஞ்சு போச்சு. நோய் நொடி இல்லாத ஆளுக்கே ஒரு ராத்திரிக்கு அப்படின்னா, நாலு நாள் தூங்காம படுத்திருக்கிற நிமோனியா பேஷண்ட வென்டிலேட்டர்ல இருந்து கழட்ட, தானா மூச்சு விடுறாரான்னு காலைல ட்ரயல் வைக்கிறோமே, அவர் எப்படி மூச்சு விடுவார்? அட்டையில எழுதிக் காட்டின அந்த ஐயாவுக்கு ரெண்டு தடவை ட்ரயல் வச்சாங்க. ரெண்டு தடவையும் அரை மணி நேரத்துல மூச்சு வாங்கி, வேர்த்து, திரும்ப மெஷின்ல போட்டாச்சு. "இன்னும் நுரையீரல் தேறல"ன்னு நோட்ஸ்ல எழுதினாங்க. அது உண்மையாவும் இருக்கலாம். ஆனா அதுக்கு முந்தின ராத்திரி 39 கோடு போட்ட ஷீட் என் பாக்கெட்லதான் இருந்துச்சு.

அஞ்சாவது நாள் ராத்திரி அவர் மாறிட்டார். மேல சீலிங்க வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார், எதையோ தட்டி விடுற மாதிரி கைய ஆட்டினார், கழுத்துல மருந்து ஏத்துறதுக்குப் போட்டிருந்த லைன இழுக்கப் பாத்தார். அட்டையக் குடுத்தா எழுத்தே வரல, வெறும் கிறுக்கல். காலைல பாக்க வந்த அவர் பொண்ணு வெளிய வந்து சுவத்துல சாஞ்சு அழுதாங்க. "சிஸ்டர், அப்பாவுக்கு புத்தி பேதலிச்சுப் போச்சா"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, இது டெலிரியம், உடம்பு ரொம்ப முடியாதப்போ திடீர்னு வர்ற மனக்குழப்பம்னு சொல்லி உக்கார வச்சு பேசினேன். வென்டிலேட்டர்ல இருக்கிறவங்கள்ல 80 சதவீதம் பேர் வரைக்கும் இது வர்றதா ஆய்வுகள் சொல்லுது. நாங்க ரெண்டு நிமிஷத்துல ஒரு டெஸ்ட் பண்ணுவோம், கேம்-ஐசியூன்னு பேரு, பத்து எழுத்த ஒண்ணொண்ணா வாசிப்போம், ஏ வரும்போது மட்டும் என் கைய அமுக்குங்கன்னு சொல்லுவோம். முந்தின நாள் தப்பில்லாம அமுக்கினவர் அன்னைக்கு எல்லா எழுத்துக்கும் அமுக்கினார். இவர மாதிரி லைன இழுக்கிறவங்கள எல்லாரும் கவனிச்சிடுவோம், ஆனா டெலிரியத்துல இன்னொரு வகை இருக்கு, சத்தமே இல்லாம சுருண்டு படுத்திருப்பாங்க, கூப்பிட்டா மெதுவா திரும்புவாங்க, "சமத்தா இருக்கார்"னு விட்டுடுவோம். அதான் ரொம்ப பேருக்கு தவறிப் போகுது. தூக்கம் கெட்டா டெலிரியம் வருது, டெலிரியம் வந்தா இருக்கிற தூக்கமும் போகுது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே போகும்.

சத்தத்தப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. ராத்திரி வார்டுல 30 டெசிபலத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1999லயே சொல்லிடுச்சு. ஐசியூல சாதாரணமாவே 50க்கு மேல இருக்கும், நடுவுல ஒரு ஸ்டீல் ட்ரே கீழ விழுந்தா 80க்கு மேல. அலாரம் கணக்கு இன்னும் மோசம். 2014ல வந்த ஒரு ஆய்வுல 77 ஐசியூ பெட்ட 31 நாள் பாத்ததுல மானிட்டர்கள் பதிவு பண்ண அலாரம் 25 லட்சத்துக்கும் மேல, காதுல கேக்குற மாதிரி அடிச்சது மட்டும் ஒரு பெட்டுக்கு ஒரு நாளைக்கு 187. அதுல பெரும்பாலானது ஒண்ணுமே இல்லாத அலாரம், விரல்ல மாட்டின கிளிப் நழுவியிருக்கும், கைய ஆட்டியிருப்பாங்க. எங்களுக்கு காது பழகிப்போச்சு. பேஷண்டுக்குப் பழகாது, ஏன்னா ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அவங்க தன் உசிருக்குத்தான் அடிக்குதுன்னு நெனைக்கிறாங்க. இத ஒரு அம்மா எங்கிட்ட நேராவே சொன்னாங்க, "அது கத்தினா நான் செத்துக்கிட்டு இருக்கேன்னுதான் அர்த்தம்னு நெனச்சேம்மா, நீங்க யாரும் ஓடி வரலையா, சரி கைவிட்டுட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்"னு. அதக் கேட்டதுல இருந்து அலாரம் அடிச்சா கையில எந்த வேல இருந்தாலும் அந்த பேஷண்டப் பாத்து "ஒண்ணுமில்லம்மா, வயர் நழுவிடுச்சு"ன்னு ஒரு வார்த்த சொல்லாம நான் நகர்றதில்ல.

ஆனா சத்தத்தக் கொறச்சா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சா அதுவும் தப்பு. 2001ல மூளை அலையையும் சத்தத்தையும் ஒரே நேரத்துல பதிவு பண்ணிப் பாத்ததுல, பேஷண்ட் முழிச்சதுல சத்தத்தால முழிச்சது 17 சதவீதம்தான். மத்ததெல்லாம் வேற காரணம். வலி, மூச்சுத் திணறல், மெஷின் ஊதுற நேரமும் அவங்க இழுக்கிற நேரமும் ஒத்துப் போகாதது, பயம், நோயே. அப்புறம் வெளிச்சம். ராத்திரி ட்யூப் லைட் கண்ணுக்கு நேரா எரியும், பகல்ல ஜன்னல் ஸ்க்ரீன் மூடியே இருக்கும். மூளைக்குள்ள இருக்கிற கடிகாரம் கண்ணு வழியா வர்ற வெளிச்சத்த வச்சுத்தான் பகல் எது ராத்திரி எதுன்னு முடிவு பண்ணி, ராத்திரி ஆயிடுச்சுன்னு உடம்புக்குச் சொல்ற மெலடோனின்ங்கிற ஹார்மோன சுரக்க வைக்குது. அதுக்கு ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா அது என்னதான் செய்யும்.

அந்த ஷீட்ட எடுத்துக்கிட்டு எங்க இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட போனேன். அவங்க அத ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் ஒரு செவப்பு பேனா எடுத்து, "இதுல எதெல்லாம் அந்த நிமிஷமே செஞ்சே ஆகணும், சொல்லு"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணா அடிச்சோம். 39ல 16 கோடு தள்ளி வச்சிருக்கலாம், இல்ல இன்னொண்ணோட சேத்து செஞ்சிருக்கலாம். அதுல இருந்துதான் மாத்த ஆரம்பிச்சோம். உடம்பு தொடைக்கிறத சாயங்காலத்துக்குக் கொண்டு வந்தோம். காலைல பாக்குற எக்ஸ்ரேக்கும் ரத்தத்துக்கும் 4 மணிக்கே எழுப்பாம, விடிஞ்சதும் எடுத்தா போதுமான்னு டாக்டர்கிட்ட ஒவ்வொரு பேஷண்டுக்கும் கேட்டோம், நெறைய பேருக்கு போதும்னுதான் சொன்னார். சக்ஷன், திருப்பிப் படுக்க வைக்கிறது, மருந்து, சுகர் பாக்குறது எல்லாத்தையும் ஒரே தடவையா 12 மணிக்கு முன்னாடி முடிச்சுட்டு, 12ல இருந்து 4 வரைக்கும் அவசியம் இல்லாம தொடக் கூடாதுன்னு வச்சோம். அலாரம் லிமிட்ட எல்லாருக்கும் ஒரே மாதிரி விடாம பேஷண்டுக்குத் தகுந்த மாதிரி டாக்டர்கிட்ட கேட்டு மாத்தினோம். 11 மணிக்கு லைட்டக் கொறச்சு, வேணுங்கிறவங்களுக்கு காதுல வைக்கிற பஞ்சும் கண்ணுக்குப் பட்டியும். 6.30க்கு ஸ்க்ரீனத் தெறந்து விடுறது. பகல்ல முடிஞ்ச வரைக்கும் உக்கார வைக்கிறது, நிக்க வைக்கிறது.

எல்லாருக்கும் இது முடியாதுங்கிறதையும் சொல்லணும். தலையில அடிபட்டு வந்தவங்கள மணிக்கு ஒரு தடவை எழுப்பி கண் பாப்பாவப் பாத்தே ஆகணும், பிபிக்கு மருந்து ஏறிக்கிட்டு இருக்கிறவங்கள விட்டுட்டு நகரவே முடியாது, படுக்கைப் புண் வர்ற மாதிரி இருக்கிறவங்கள நாலு மணி நேரம் ஒரே பக்கமா விட முடியாது. அவங்களுக்கு எழுப்புறதுதான் வைத்தியம். ஆனா அந்த மாதிரி ரெண்டு மூணு பேருக்காக வச்ச வழக்கத்த மொத்த யூனிட்டுக்கும் போட்டு எல்லாரையும் எழுப்பிக்கிட்டு இருந்தோம், அங்கதான் தப்பு. இந்த மாதிரி பல சின்னச் சின்ன வேலைய ஒண்ணா சேத்து செஞ்ச ஒரு ஐசியூல டெலிரியம் 33 சதவீதத்துல இருந்து 14 சதவீதத்துக்கு எறங்கினதா 2014ல எழுதியிருக்காங்க. 2018ல அமெரிக்காவோட கிரிட்டிக்கல் கேர் சங்கம் விட்ட வழிகாட்டியில வலி, மயக்கம், டெலிரியத்தோட சேத்து தூக்கத்தையும் ஒரு தலைப்பாவே போட்டாச்சு, அதுக்கு முன்னாடி 2013ல வந்ததுல அது தனித் தலைப்பா இல்ல.

உங்க வீட்ல யாராவது உள்ள இருந்தா, நான் கேட்டுக்கிறது கொஞ்சம்தான். அவங்க கண்ணாடி, காது மெஷின் இருந்தா மறக்காம கொண்டு வந்து குடுங்க, சரியா பாக்க முடியாம கேக்க முடியாம போனாலும் குழப்பம் வரும். எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாங்க, எத்தனை மணிக்குப் படுக்குற பழக்கம், தூக்க மாத்திரை ஏதாவது ரெகுலரா போடுவாங்களா, இத நர்ஸ்கிட்ட சொல்லுங்க, நாங்க கேக்க மறந்தாலும் நீங்க சொல்லுங்க. உள்ள போய் பாக்கும்போது இன்னைக்கு என்ன கிழமை, மணி என்ன, வெளிய வெயிலா மழையான்னு பேசுங்க. "ராத்திரி நடுவுல அவசியமில்லாம எழுப்பாம இருக்க முடியுமா"ன்னு கேக்குறதுக்கு தயங்காதீங்க, நல்ல நர்ஸ் கோவிச்சுக்க மாட்டா. வீட்டுக்கு வந்தப்புறமும் சில பேருக்கு மாசக் கணக்குல தூக்கம் சரியா வராது, கெட்ட கனவு வரும், ஐசியூல நடக்காத ஒண்ண நடந்ததா சொல்லுவாங்க. பொய் சொல்றாங்க, சும்மா கற்பனைன்னு அவங்க வாய அடைக்காதீங்க. அவங்களுக்கு அது நடந்ததுதான். டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஐயாவுக்கு வர்றேன். எட்டாவது நாள் ராத்திரி 12.20க்கு கண்ண மூடினார். நான் பெட் கால்மாட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். 1.30க்கு மேல மூடின இமைக்குள்ள கண்ணு இப்படியும் அப்படியும் ஓடுறது தெரிஞ்சது, கனவு காணுறார், அத்தனை நாள்ல நான் மொத தடவை பாக்குறேன். 2 மணிக்கு ஜூனியர் பொண்ணு தெர்மாமீட்டரோட வந்தா, நான் கையக் காட்டினேன், அவ அப்படியே நின்னு திரும்பிப் போயிட்டா. 3.05க்கு அவரா முழிச்சார். ஷீட்ல அந்த ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு கோடும் இல்ல. அட்டையக் கேட்டு கைய நீட்டினார், குடுத்தேன், "மணி என்ன"ன்னு எழுதினார், எழுத்து நேரா இருந்துச்சு. "மூணு ஆகுதுங்க ஐயா, இன்னும் விடியல, தூங்குங்க"ன்னு சொல்லி அட்டைய வாங்கி ஓரமா வச்சேன்.